தேகாரோக்கியமும் இலட்சியப் பலகையும்



"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. சுவர் என்று அவர்கள் சொன்னது இந்தச் சரீரத்தை. தொழில், குடும்பம், வணக்கம், பிள்ளைகளின் படிப்பு ஆகிய சித்திரங்கள் யாவும் இந்தச் சுவரின்மேல்தான் எழுதப்படுகின்றன. சுவர் சரிந்தால் சித்திரமும் சரியும் என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

இக்காலத்திலோ இப்பழமொழியைத் திருப்பிப் போட்டதுபோல ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. முதலில் சித்திரத்தைச் சுவரில் மாட்டிக்கொள். அதைப் பார்த்துப் பார்த்துச் சரீரமாகிய சுவரைச் செப்பனிட்டுக்கொள் என்கிறார்கள். இதற்கு 'விஷன் போர்டு' என்று பெயர். நாம் இதனை இலட்சியப் பலகை என்று சொல்லிக்கொள்வோம். நம் பிள்ளைகள் இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள் சிலர் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளுகிறார்கள். இது பிரயோஜனமுள்ளதா, உள்ளதானால் எப்படிச் செய்தால் பிரயோஜனம் என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பலகை என்பது யாது?

ஓர் அட்டையில், தான் அடைய விரும்புவதைக் காட்டும் படங்களையும் சொற்களையும் ஒட்டி, தினமும் கண்ணில் படுமாறு வைத்துக்கொள்வதே இலட்சியப் பலகை. உடல் இளைக்க விரும்புபவர் இளைத்த ஒருவரின் படத்தை ஒட்டுவார். மலை ஏற விரும்புபவர் மலையின் படத்தை ஒட்டுவார். 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி சீக்ரெட்' என்னும் திரைப்படமும் அதே பெயருள்ள நூலும் இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பின. எதை இடைவிடாது எண்ணுகிறோமோ அது நம்மைத் தேடி வரும் என்பது அவற்றின் சாரம்.

ஆனால் சுவரில் படம் ஒட்டும் பழக்கம் அதற்கும் மூத்தது. ஆஸ்திரிய நாட்டில் பிறந்த ஆர்னால்ட் சுவார்ஸ்நேகர் சிறுவயதில் ரெக் பார்க் என்னும் தேகப்பயிற்சி வீரரின் படங்களைத் தம் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். பிற்காலத்தில் 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறையும், 1980-இல் ஒரு முறையும் 'மிஸ்டர் ஒலிம்பியா' பட்டம் பெற்றார். இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, படத்தின் மகிமை!" என்பாருண்டு. அவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ரெக் பார்க் எந்தப் பயிற்சியை எப்படிச் செய்தார் என்பதைப் பத்திரிகையில் படித்து, அதையே அந்தச் சிறுவர் செய்துவந்தார். சுவரில் இருந்தது ஆசை. கையில் இருந்தது முறை. இரண்டும் சேர்ந்துதான் பலன் தந்தன.

நம் தோட்டங்களில் நேர்ந்தது

நம் பாட்டன்மாருக்கு இலட்சியப் பலகை தேவைப்படவில்லை. பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் கித்தா மரத்தில் பால் நன்றாக ஓடும். ஆகையால் வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மரங்களை மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து வெட்டி, பிறகு அதே மரங்களை மறுபடியும் சுற்றிப் பாலை எடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். அவர்களுக்குக் குறைந்திருந்தது உணவும் ஓய்வும் கூலியுமே தவிர, நடை குறைந்ததில்லை. அந்தக் கஷ்ட ஜீவனம் திரும்ப வர வேண்டுமென்று யாரும் சொல்லமாட்டார்.

இன்று ரந்தாவிலும் சிலியாவிலும் லிங்கியிலும் பகாவிலும் கித்தாக் காடு பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. லயத்தை விட்டு நம்மவர் பலர் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். செனவாங்கிலும் நீலாயிலும் உள்ள தொழிற்சாலைக்குப் பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. கடைக்கு மோட்டார் சைக்கிள். பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிள். நடை போய்விட்டது, ஆனால் பாட்டன் உண்ட சோற்றின் அளவு போகவில்லை. அதோடு தே தாரிக்கும் டின் பாலும் புதிதாகச் சேர்ந்துகொண்டன.

உட்கார்ந்த தொழில் இருதயத்துக்குக் கேடு என்பதை 1953-ஆம் ஆண்டிலேயே ஜெரமி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் காட்டினார். லண்டன் நகரத்து மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ தினமும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை செய்பவரே. எனினும் மாரடைப்பு நோய் டிரைவர்களிடத்தில் அதிகமாகவும் கண்டக்டர்களிடத்தில் குறைவாகவும் இருந்தது. நம் பாட்டன் கண்டக்டர், நாம் டிரைவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

நமது சுகாதார அமைச்சு 2023-இல் நடத்திய நாடளாவிய ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 54 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. இந்திய வம்சாவளியினரிடையே இந்நோய் மற்றவரைவிட அதிகம் என்பதை இத்தகைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரு காலின் விரலை இழந்தவரும், வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தி செய்யப் போகிறவரும் இல்லாத தாமான் உண்டா என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி நமக்கு மிகவும் பொருந்தும். நீரிழிவு வருவதற்கு முந்திய கட்டத்தில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கைக்கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. நம்மைப் போன்ற உடல்வாகும் நம்மைப் போன்ற சோற்றுப் பழக்கமும் உள்ளவர்கள் அவர்கள். ஆகவே இது நம்மால் ஆகாத காரியமன்று. வழி தெரிந்தும் நடப்பதற்கு மனம் வராததே நம் குறை. அந்த மனத்தைத் தட்டி எழுப்பப் பலகை உதவுமா என்பதே கேள்வி.

படம் மட்டும் போதுமா?

இவ்விடத்தில் என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் கிளினிக்கில் என் சர்க்கரை எல்லையில் நிற்பதாகச் சொன்னார்கள். பயந்துபோய், ஒரு சப்பாத்துக் கம்பெனியின் காலண்டரிலிருந்து ஓட்டக்காரர் ஒருவரின் படத்தை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன். தினமும் பார்ப்பேன். பார்க்கும்போது பாதி தூரம் ஓடி முடித்ததுபோல் மனம் நிறைந்துவிடும். ஒரு நாள், பால்வெட்டித் தொழிலில் நரைத்த ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். படத்தையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார். "என்ன பாய், ஓடுறவரு சுவத்துல இருக்காரு, நாக்காலில இருக்கிறது யாரு?" என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஓராண்டு கழித்து நிறுத்துப் பார்த்தபோது என் எடை 3 கிலோ கூடியிருந்தது.

இது என் ஒருவனின் சோம்பல் என்றுதான் அப்போது எண்ணினேன். ஆனால் அறிஞர்கள் இதை முன்னமே சோதித்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். 1991-இல் கேப்ரியேல் ஓட்டிங்கன், தாமஸ் வாடன் என்னும் இருவர், எடை குறைக்கும் சிகிச்சையில் சேர்ந்த 25 பெண்களை ஆராய்ந்து எழுதினார்கள். "என்னால் முடியும்" என்று உறுதியாக எதிர்பார்த்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இளைத்தார்கள். ஆனால், இளைத்துவிட்டதுபோலவும் எல்லோரும் புகழ்வதுபோலவும் இனிய கனவு கண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இளைத்தார்கள். இரு சாராருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒன்றிரண்டு கிலோ அன்று. பத்துக் கிலோவுக்கும் மேல். நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு என்பது இதனால் விளங்குகிறது. கனவில் உண்டவனுக்குப் பசி அடங்கியதுபோல் தோன்றும், எழுந்து சமைக்கமாட்டான்.

இன்னொரு சோதனை லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நடந்து, 1999-இல் வெளியாயிற்று. தேர்வுக்குமுன் சில மாணவர்களை, நல்ல மார்க் வாங்கி மகிழ்வதாக மனத்தில் காணச் சொன்னார்கள். வேறு சிலரை, மேசையில் அமர்ந்து புத்தகத்தைத் திறந்து படிப்பதாகக் காணச் சொன்னார்கள். படிப்பதைக் கண்டவர்களே அதிகம் படித்தார்கள். மார்க்கும் அதிகம் பெற்றார்கள்.

இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம் ஒன்றே. பலகையில் முடிவின் படத்தை மட்டும் ஒட்டினால் அது தூங்க வைக்கும். வழியின் படத்தை ஒட்டினால் அது எழுப்பிவிடும். வியாபாரத்தில் இதை நாம் நன்கு அறிவோம். கடையின் முகப்பில் பெரிய பெயர்ப்பலகை மாட்டியதால் எந்தக் கடையும் லாபம் கண்டதில்லை. உள்ளே இருக்கும் கணக்குப் புத்தகம்தான் கடையை நடத்துகிறது. நம் இலட்சியப் பலகை பெயர்ப்பலகையாக இல்லாமல் கணக்குப் புத்தகமாக இருக்க வேண்டும்.

பலகை செய்யும் முறை

பால் டின் வரும் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் போதும். அல்லது சென்ற வருஷத்துக் காலண்டரின் பின்புறம் போதும். கோதுமை மாவுப் பசை, ஒரு மை பேனா, ஒரு முழக்கோல்; செலவு ஒரு வெள்ளியும் ஆகாது. அட்டையை ஐந்து பகுதிகளாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதற் பகுதி: என் எண். பிறருடைய உடலை ஒட்டாமல் உங்கள் எண்ணை எழுதுங்கள். இன்றைய எடை எவ்வளவு, இடுப்பளவு எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, மூன்று மாதச் சர்க்கரை அளவு எவ்வளவு என்று அரசாங்க கிளினிக்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் எதிரில், அடைய வேண்டிய எண்ணை எழுதுங்கள். அது சிறியதாக இருக்கட்டும். அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில் 100-க்கு 7 பங்கு எடையைக் குறைப்பதையே குறியாக வைத்தார்கள். வாரம் 150 நிமிஷம் உடலுழைப்பும் செய்யச் சொன்னார்கள். அவர்களில் நீரிழிவு வருவது பாதிக்கும் மேல் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு இது ஐந்தரைக் கிலோ, எட்டாத கனியன்று.

நடைக்கும் ஓர் எண் வேண்டும். "தினம் 10,000 அடி நடக்க வேண்டுமாமே, நம்மால் ஆகுமா?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுபவர் பலர். அந்த எண் மருத்துவர் சொன்னதன்று. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படப் பெயர் வைத்தது. அதிலிருந்து பரவிய எண் அது. 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பரிசீலித்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் நடந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்மை கூடவில்லை. ஆகவே இன்று நடப்பதைவிட 1,000 அடி அதிகம் என்று எழுதுங்கள். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட நெறியின்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷ வேக நடை போதுமானது. அதாவது வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம்.

இரண்டாம் பகுதி: என் வழி. உங்கள் வீட்டிலிருந்து நடக்கப்போகும் பாதையை நீங்களே வரையுங்கள். சித்திரம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வீடு, சூராவ், பழைய பால் கொட்டகை, செம்பனைக் காட்டு மண் சாலை, திரும்பும் இடத்தில் உள்ள மரம் என்று குறித்தால் போதும். சிரம்பானில் உள்ளவர்கள் ஏரிப் பூங்காவைச் சுற்றி வரையலாம். ஓராண்டுக்குப் பிறகு அடைய ஒரு பெரிய இலக்கு வேண்டுமானால், கோலப்பிலா சாலையில் உலு பெண்டுலிலிருந்து ஏறும் 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலையை மூலையில் சிறிதாக வரைந்துகொள்ளுங்கள். மலை சிறிதாகவும் தினம் நடக்கும் பாதை பெரிதாகவும் இருப்பதே இப்பலகையின் இலட்சணம்.

மூன்றாம் பகுதி: எப்போது, எங்கே. "நான் நடப்பேன்" என்று எழுதுவது போதாது. "திங்கள் முதல் வெள்ளி வரை, சுபுஹ் தொழுதபின், சூராவ் வாசலிலிருந்தே, அரை மணி நேரம்" என்று எழுத வேண்டும். இதன் வலிமையைப் பிரிட்டனில் மாணவர்கள் 248 பேரிடம் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். தேகப்பயிற்சியின் நன்மையைப் பற்றிப் படிக்க மட்டும் கொடுத்தபோது, அடுத்த வாரத்தில் பயிற்சி செய்தவர் 100-க்கு 35 பேர். ஒன்றுமே கொடுக்கப்படாதவர்களில் 38 பேர். ஆக, வெறும் உபதேசத்தால் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதி வைக்கச் சொன்னவர்களில் 91 பேர் செய்துவிட்டார்கள். ஒரே ஒரு வாக்கியம் செய்த வேலை இது. ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு புதிய காரியத்தை முடிச்சுப் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஐந்து வேளைத் தொழுகை உள்ளவருக்கு முடிச்சுப் போட ஐந்து முளைகள் இருக்கின்றன. இது எவ்வளவு பெரிய வசதி!

நான்காம் பகுதி: தடையும் விடையும். பலகை செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இதுவே. நடக்கவிடாமல் உங்களைத் தடுப்பது எது என்று நேர்மையாக எழுதுங்கள். அதன் எதிரில் அதற்கு விடை எழுதுங்கள். உதாரணமாக:

மாலையில் மழை பிடித்துக்கொண்டால், வீட்டுத் திண்ணையில் இருபது நிமிஷம் முன்னும் பின்னும் நடப்பேன்.
ஓவர்டைம் வந்தால், சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலை மதிலை இரண்டு முறை சுற்றுவேன்.
செம்பனைக் காட்டு வழியில் நாய்த் தொல்லை இருந்தால், கையில் ஒரு கம்பும் துணைக்கு ஒருவரும் இல்லாமல் போகமாட்டேன்.
நண்பர்கள் தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டால், 'தே ஓ கோசோங்' என்று சொல்லிச் சீனியும் பாலும் இல்லாமல் வாங்குவேன்.
ஒரு நாள் தவறினால், மறுநாள் கட்டாயம் நடப்பேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தவறவிடமாட்டேன்.

ஐந்தாம் பகுதி: என் தட்டு. ஒரு வட்டம் வரைந்து குறுக்கே ஒரு கோடு இழுங்கள். ஒரு பாதி முழுவதும் காய்கறியும் பழமும். மறு பாதியை இரண்டாகப் பிரித்து, ஒரு காலில் சோறு, மற்றொரு காலில் மீன் அல்லது கோழி அல்லது பருப்பு. நமது சுகாதார அமைச்சு 'சுக்கு-சுக்கு செப்பாரோ' என்று சொல்வது இதைத்தான். இது நம் கடையில் விற்கும் சுக்கு அன்று. மலாய் மொழியில் கால், கால், அரை என்று அர்த்தம். அரசாங்கம் போட்ட படத்திலும் மெலிந்த மனிதர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த வேளை என்ன செய்ய வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. நல்ல இலட்சியப் படத்துக்கு இதுவே இலக்கணம்.

அட்டையின் அடியில் மாதத்துக்கு முப்பது கட்டம் போட்டு, நடந்த நாளுக்கு ஒரு கோடு இழுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் வாரக் கணக்கைக் கூட்டுங்கள். கடன் புத்தகத்தில் பொய் எழுதினால் நஷ்டம் யாருக்கு என்பது கடைக்காரனுக்குத் தெரியும், இதுவும் அப்படியே.

பலகையை எங்கே மாட்டுவது? வரவேற்பறையில் வருவோர் பார்ப்பதற்காக மாட்டாதீர்கள். தீர்மானம் எடுக்கும் இடத்தில் மாட்டுங்கள். சப்பாத்து வைக்கும் கதவருகே வழிப்படம். சோற்றுப் பானைக்கு மேலே தட்டின் படம். ஒரே இடத்தில் மாதக்கணக்காகத் தொங்கினால் கண் அதைக் காண்பதை நிறுத்திவிடும். ஆகையால் மாதம் ஒரு முறை எண்ணை மாற்றி எழுதுங்கள்.

உருவப் படங்களைச் சுவரில் மாட்டுவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரைகுறை ஆடையுடன் நிற்கும் ஆண் பெண் படங்களைக் குடும்பம் நடமாடும் வீட்டில் மாட்ட எவருக்கும் மனம் ஒப்பாது. மேலே சொன்ன பலகையில் ஓர் உருவப் படமும் தேவையில்லை. ஆகவே அந்தச் சங்கடம் நமக்கு எழவே இல்லை.

பெண்களும் பிள்ளைகளும்

நடை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. வீட்டு வேலையே போதாதா என்று சகோதரிகள் கேட்பது நியாயமே. ஆனால் அடுப்படியில் நின்று கால் வலிப்பது வேறு, மூச்சு வாங்க வேகமாக நடப்பது வேறு. தனியே சாலையில் நடக்கத் தயங்குகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுத் திரும்பும் நேரத்தில் மூன்று நான்கு பேராகச் சேரலாம். அவர்களுடைய பலகையில், 'கூட வருபவர்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். ஒருவர் கதவைத் தட்டக் காத்திருக்கிறார் என்றால், மற்றவருக்குப் படுத்திருக்க மனம் வராது. வீட்டு ஆண்கள் அந்த அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தர்மமன்று, கடமை.

பிள்ளைகள் விளையாட்டு வீரர்களின் படத்தை விரும்பினால் தடுக்க வேண்டாம். சிரம்பானில் பிறந்த கிசோனா செல்வதுரை 2019-ஆம் ஆண்டு தென்கிழக்காசியப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பூப்பந்தில் தங்கப் பதக்கம் பெற்றார். நம் மாநிலத்துப் பெண் பிள்ளைகள் அவரைப் போல் ஆக ஆசைப்படுவது நல்லதே. ஆனால் படத்தின்கீழ் ஒரு கேள்வியை எழுதச் சொல்லுங்கள்: "பதக்கம் வாங்காத நாள்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?" அந்தக் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை கைத்தொலைபேசியை வைத்துவிட்டு மட்டையை எடுக்கும்.

ஏற்கெனவே தொங்கும் ஒரு படம்

நிற்க. நம் வீடுகளில் இலட்சியப் பலகை புதிது என்றா எண்ணுகிறீர்கள்? கஃபாவின் படம் மாட்டாத வீடு நம்மிடையே அரிது. அது அலங்காரத்துக்கு மட்டும் மாட்டியதன்று. ஒரு நாள் போக வேண்டும் என்ற நிய்யத்தும் அதில் உண்டு. அதற்காக ஹஜ் நிதி வாரியத்தில் சிறுகச் சிறுகப் பணம் போடுகிறோம். 1963-இல் தொடங்கிய அந்தச் சேமிப்பு முறையால் எத்தனையோ எளிய குடும்பங்கள் போய்வந்திருக்கின்றன. பணத்துக்கு ஒரு கணக்கு வைத்தோம். சரீரத்துக்கு என்ன கணக்கு வைத்தோம்?

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடப்பது மட்டுமே ஏறக்குறைய 3 கிலோமீட்டர். தவாஃப் வேறு, மினாவிலும் அரஃபாவிலும் வெயிலில் நடக்கும் நடை வேறு. முறை வந்து கடிதம் கிடைத்தபின், மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் கண்ணீர் விடுபவர்களும் உண்டு. இருபது வருஷம் பணம் சேர்ந்தது; முழங்கால் சேரவில்லை. ஆகவே அந்தப் படத்தின் அருகிலேயே நடைக் கணக்கையும் மாட்டுங்கள். இன்று 1 கிலோமீட்டர், மூன்று மாதத்தில் 2, ஆறு மாதத்தில் 3 என்று ஏறட்டும். நிய்யத்துக்கு அமல் துணையாக வந்தால்தான் அழகு.

சில எச்சரிக்கைகள்

நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் ஒரு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கமும் வியர்வையும் தலைசுற்றலும் வந்தால் உடனே வாயில் போட வேண்டும். சிலிப்பரோடு தோட்டத்துச் சாலையில் நடக்காதீர்கள். நீரிழிவு உள்ளவரின் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் தைத்தது தெரியாது. தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். நடக்கும்போது மார்பில் இறுக்கமோ, கை தாடையில் வலியோ வந்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள். நோன்பு மாதத்தில் நடை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நோயாளிகள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

முடிவுரை

பெரியவர் கேலி செய்த மறுவாரம் நான் அந்த ஓட்டக்காரர் படத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு காலண்டர் தாளின் பின்புறம் தொங்குகிறது. அதில் கடையிலிருந்து பழைய பால் கொட்டகை வரை ஒரு கோணல் கோடும், கீழே கட்டங்களும் உண்டு. சென்ற மாதம் 30-இல் 21 கட்டம் நிரம்பியது, 9 காலி. எடை 5 கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரை இன்னும் எல்லையில்தான் நிற்கிறது, தாண்டவில்லை. இது பெரிய வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போது வரும் வெட்கம், அந்த ஓட்டக்காரர் படத்தைப் பார்த்து வந்த மகிழ்ச்சியைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சுவரில் உள்ள ஓட்டக்காரர் நமக்காக ஓடமாட்டார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அந்த அடியை எப்போது, எங்கே வைப்பது என்று எழுதிக் காட்டும் பலகையே உண்மையான இலட்சியப் பலகை. சரீரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்; அதைப் பேணுவது நம் பொறுப்பு.

சிந்தனைக்கு

1. உங்கள் வீட்டுச் சுவரில் முடிவைக் காட்டும் படங்கள் எத்தனை? வழியைக் காட்டும் படங்கள் எத்தனை?
2. உங்கள் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றின் எண்கள் உங்களுக்குத் தெரியுமா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
3. உங்களை நடக்கவிடாமல் தடுக்கும் முதல் தடை எது? அதற்கு ஒரு வரியில் விடை எழுதுக.
4. நாளை எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து, யாருடன் நடக்கப் போகிறீர்கள்?

நான்காம் கேள்விக்கு விடையை இன்றிரவே ஓர் அட்டையில் எழுதிக் கதவருகே மாட்டிவிடுங்கள். மற்றவை மெதுவாக வரட்டும். வஸ்ஸலாம்.